கால்பந்து வீரர் ஓலே குன்னார் சோல்ஷேர் மாற்று வீரராக வந்தே எப்படி இவ்வளவு கோல் அடித்தார்?

அதிர்ஷ்டம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று கூர்ந்து கவனிப்பார். களம் இறங்கியதும் அந்த இடத்தைத்தான் தேடிப் போவார்.

நார்வேயின் மோல்டே கிளப்பிலிருந்து 1996-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் சீசனிலேயே லீக்கில் 18 கோல். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் 4 கோல்! அதே ஆண்டு மே மாதம், பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியிலும் அப்படித்தான். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் சக வீரர் ஷெரிங்ஹாம் தலையால் தட்டிவிட்ட பந்தைக் காலை நீட்டி வலைக்குள் தள்ளினார். பேயர்ன் மியூனிக் 2-1 எனத் தோற்றது.

அப்புறம் முழங்கால் காயம் படுத்தியது. 2007-ல் ஓய்வு பெற்றபோது, யுனைடெட்டுக்காக 366 ஆட்டங்களில் 126 கோல் அடித்திருந்தார்.