மலேரியா மருந்து ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், குயினோலின் (நைட்ரஜன் அணு உள்ள இரட்டை வளைய அமைப்பு) சேர்மங்களில் மலேரியா மருந்து தேடும் பிஎச்.டி.யில் சேர ஆசைப்படுகிறார். "மலேரியாதான் குறைந்துவிட்டதே, இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. இது முடிந்துபோன துறை இல்லை. சின்கோனா பட்டையிலிருந்து கிடைத்த குயினைனும், 1934இல் ஜெர்மனியில் உருவான குளோரோகுயினும் குயினோலின் குடும்பத்து மலேரியா மருந்துகள்தான். நம் நீலகிரியில் நடுவட்டத்தில் அரசே குயினைன் தொழிற்சாலை நடத்தியது. மலேரியாக் கிருமி நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது மிஞ்சும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி, கிருமிக்கே நஞ்சு. அதைப் படிகமாக்கித்தான் கிருமி தப்பிக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாக்கலைத் தடுத்துவிடும். ஆனால் 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில் கிருமி இதற்குப் பழகத் தொடங்கிவிட்டது. மருந்தை வெளியே தள்ளிவிடக் கற்றுக்கொண்டது. அதனால்தான் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறார்கள். இதே குடும்பத்து மலேரியா மருந்தான டஃபெனோகுயினுக்கு அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது 2018இல்தான். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் பிறந்த கபாமிகுயின் என்ற மலேரியா எதிர்ப்புச் சேர்மமும் குயினோலின்தான், ஆனால் ஹீமை விட்டுவிட்டுக் கிருமியின் புரத உற்பத்தியைத் தாக்குகிறது.

சரி, வேலை? மலேரியா ஏழைகளின் நோய். அதை மட்டும் நம்பி ஆள் எடுக்கும் கம்பெனிகள் குறைவு, இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகள் கற்கப்போவது மூலக்கூறு செய்யும் கைத்திறன். காசநோய்க்கான பெடாகுயிலின், புற்றுநோய்க்கான லென்வாடினிப் இரண்டிலும் இதே குயினோலின் வளையம் இருக்கிறது. ரியாக்‌ஷன் வைத்து, பிரித்தெடுத்து, என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவிச் சோதனை) படித்துச் சொல்லத் தெரிந்தவர்களை ஹைதராபாத், பெங்களூரு ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

நான் அதிகம் கவலைப்படுவது தலைப்பைப் பற்றி அல்ல, லேபைப் பற்றி. இருபது சேர்மம் செய்து, சேர்மம் கிருமியின் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் கணிக்கும் டாக்கிங் படம் போட்டு, "மலேரியாவுக்கு எதிராகச் செயல்படலாம்" என்று முடித்துவிடும் ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் திணறத்தான் வேண்டியிருக்கும். சேர்மத்தை உயிருள்ள கிருமியில் யார் சோதிக்கிறார்கள் என்று கைடிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். டெல்லியின் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம், லக்னோவின் சிடிஆர்ஐ (மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களோடு கூட்டு இருந்தால் தைரியமாகச் சேரலாம்.

பணத்துக்கு சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சையும் எழுதியிருந்தீர்கள். அதை அவரிடமே கேளுங்கள், ஆலோசகர் தலையிடும் விஷயம் அல்ல. அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த லேபின் சீனியர் ஒருவரோடு, கைடு பக்கத்தில் இல்லாதபோது, அரை மணி நேரம் பேசிவிட்டு வரட்டும்.