வயலின் கொடுத்தாயிற்று, வாத்தியார் எங்கே?

கேள்வி: இன்னும் மூன்று மாதத்தில் பணி ஓய்வு. பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். கைக்கு வரும் தொகையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட ஆசை. நாங்கள் இருக்கும் பகுதியில் நாடகமும் பாட்டும் சொல்லித்தரும் சின்னக் குழு ஒன்று, நடத்த முடியாமல் திணறுகிறது. அதற்குக் கொடுக்கலாம் என்றேன். "குழந்தைகள் கஷ்டப்படும்போது கூத்துக்கும் பாட்டுக்கும் கொடுப்பார்களா? குழந்தைகள் அறக்கட்டளைக்குக் கொடு" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன் சகோதரி. மருந்துக்கு வழியில்லாத குழந்தை ஒன்று கண்முன்னே இருந்தால் முதலில் மருந்துதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் முடித்த பிறகு மிச்சம் இருந்தால் கலை என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா. 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். உடல்நலமும் கல்வியும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் அதே ஆவணம்தான், 31-ஆவது பிரிவில், ஓய்வும் விளையாட்டும் கலைகளில் பங்கெடுப்பதும் உரிமை என்கிறது. சலுகை என்று சொல்லவில்லை.

அப்புறம், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்று யார் சொன்னது? லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் வேண்டும் என்று பதினேழு வருடம் அலைந்து 1739-இல்தான் அரசரின் அனுமதி வாங்கினார். அதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஓவியர் ஹோகார்த் முக்கியமானவர். தன் ஓவியத்தைக் கொடுத்தார், மற்ற ஓவியர்களையும் கொடுக்கவைத்தார், அவற்றைப் பார்க்க ஊரே வந்தது. இசைமேதை ஹேண்டல் 1750-இல் அங்கே 'மெசையா' என்ற தன் இசைப் படைப்பை நடத்தி, வசூலைக் குழந்தைகளுக்கே கொடுத்தார். கூட்டம் தாங்காமல் இன்னொரு முறையும் நடத்தவேண்டி வந்தது. அந்த இசைக்குறிப்பின் ஒரு பிரதியைக்கூட உயில் எழுதி அந்தக் காப்பகத்துக்கே விட்டுப்போனார். கலையால் குழந்தைகளுக்கு வந்த பணம் அது.

அந்தக் கதையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1756-இல் அரசுப் பணம் வந்தது, வருகிற எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான்கு வருடத்துக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தார்கள். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பணம் வந்த வேகத்துக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் நேரில் பார்த்த ஒரு அலமாரி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போயிருந்தேன். பொறுப்பாளர் சாவிக்கொத்தில் தேடித்தேடி ஒரு இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே நான்கு வயலின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு கீபோர்டு. யாரோ கொடுத்தபோது எடுத்த படம் சுவரில் தொங்கியது. "வாத்தியார் ரெண்டு மாசம் வந்தார்மா, அப்புறம் சம்பளம் கொடுக்க வழியில்லை" என்றார். ஒரு வயலினில் மூன்று கம்பி அறுந்து ஒன்றுதான் மிச்சம். பத்து வயது இருக்கும் ஒரு பெண், என் கைக்குக் கீழே விரலை நுழைத்து அந்த ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு, உடனே காதை மரத்தில் வைத்தாள். அதிர்வு அடங்கும்வரை காதை எடுக்கவில்லை. பிறகு அலமாரியைப் பூட்டிவிட்டார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். பொருள் வாங்கிக் கொடுக்காதீர்கள், கட்டடம் கட்டித் தராதீர்கள். சொல்லித்தருகிறவரின் சம்பளத்துக்குக் கொடுங்கள். கார்னகி என்ற பெரும் பணக்காரர் உலகம் முழுக்க 2,509 நூலகங்களுக்குப் பணம் தந்தார், ஆனால் சும்மா தரவில்லை. இடம் ஊர்க்காரர்கள் தரவேண்டும், கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்குவதாக அவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வளவு பணம் வைத்திருந்தவரே நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீங்களும் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் மூன்று வருடத்துக்குப் பிரித்து, இவ்வளவு வரும், இந்தத் தேதியில் வரும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அந்த நாடகக் குழுவையும் உங்கள் கணவர் சொல்லும் அறக்கட்டளையையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். அங்கே சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், இங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் வீட்டில் உங்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையும் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் மகனின் பிறந்தநாளை ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடுகிறோம். இந்த முறை எங்களைப் பார்த்ததுமே ஒரு பையன், யாரும் சொல்லாமலே, கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டான். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நாங்கள் செய்வது தவறா? – ஒரு வாசகர்

பதில்: உங்கள் நோக்கம் தவறில்லை. ஆனால் அந்தப் பையன் எத்தனை பிறந்தநாள் பார்த்திருப்பான், அதில் அவனுடையது எத்தனை? வாரம் ஒரு புதுமுகம் வந்து, கட்டிப்பிடித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பழக்கம் அவனை வரிசையில் நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. 2009-இல் வழிகாட்டு நெறிகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஒரு பாதியைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் ஒருவரோடு ஒட்டிப் பழகும் தன்மையும் தெளிவாக மேம்பட்டன, அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குக் கூடுதலாக.

ஆகவே அடுத்த முறை அந்த இல்லத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் எத்தனை பேர் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போனார்கள்? பதில் தெளிவாக வந்தால், அந்த வேலைக்கே கொடுங்கள். ஒரு அம்மா மாதம் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துப் போக ஆகும் வண்டிச் செலவு, இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க ஆகும் கட்டணம், இந்த மாதிரி. உங்கள் மகனின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடுங்கள். அவன் கையாலேயே பணத்தை அனுப்பச் சொல்லுங்கள், யார் முகமும் தெரியவேண்டாம். ஏற்கெனவே எடுத்த படங்களை எங்கேயாவது போட்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நிர்வாகச் செலவு அதிகம் காட்டும் அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தைகளுக்குக் கலை சொல்லித்தரும் இடத்தில் சம்பளம்தான் வேலையே, அதைச் செலவு என்று வெட்டினால் நான் சொன்ன அலமாரிதான் மிஞ்சும். தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா, பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா, குழந்தைகள் பாதுகாப்புக்கு எழுத்தில் விதிகள் உண்டா, கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்களா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாக எங்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு ஓவியம் வரும், பணம் இல்லை. என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: 1929-இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, நிதி திரட்டும் குழுவில் சேரும்படி எழுத்தாளர் ஜே.எம். பாரியைக் கேட்டது. அவர் குழுவில் சேரவில்லை, வேறு ஏதாவது செய்ய வழி கிடைக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். இரண்டு மாதத்தில் 'பீட்டர் பேன்' கதையின் உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டார். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் பிரிட்டனில் அந்த வருமானம் மருத்துவமனைக்கே போகும்படி 1988-இல் சட்டமே இயற்றினார்கள். அவரிடம் இருந்தது அவர் எழுதியது, அதைக் கொடுத்தார்.

உங்களிடம் இருப்பது கையும் நேரமும். குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஓவியம் சொல்லித்தருகிறேன், சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஆறு மாதம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னால் தவறாமல் போங்கள். உங்களைப் பற்றி அவர்கள் விசாரித்தால் கோபப்படாதீர்கள், விசாரிக்காமல் உள்ளே விட்டால்தான் கவலைப்பட வேண்டும். எந்தக் குழந்தையோடும் தனி அறையில் இருக்காதீர்கள், கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைகள் வரைந்த படங்களை விற்று நிதி திரட்டலாம் என்று யாராவது ஆர்வமாகச் சொல்வார்கள். வரைந்த பிள்ளையிடம் கேட்காமல் ஒரு தாளைக்கூடக் கொடுக்காதீர்கள். முதல் வகுப்பில் வரைவதற்கு முன்பே, தாளின் பின்பக்கம் தங்கள் பெயரை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.