அட்டவணை போடும் எடைக்கு நாம் வரமுடியுமா? – கேள்வி பதில்

கேள்வி: வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. 55-ஐத் தாண்டக்கூடாது என்கிறது அட்டவணை. கல்யாணத்தின்போதே நான் 60 கிலோ. நடக்கிற காரியமா மேடம்?

பதில்: எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுத்துப் பாருங்கள்: 68 ÷ 1.55 ÷ 1.55. உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 28.3 வருகிறது. இந்தியர்களுக்கு 18 முதல் 22.9 வரை சரியான எடை என்கிறார்கள்; உங்கள் உயரத்துக்கு அது 43 முதல் 55 கிலோ. 13 கிலோ இறக்கி, அதை வருடக்கணக்கில் ஏறாமல் காப்பது மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் பெரும்பாலோரால் முடிவதில்லை. இதில் உங்கள் மனவுறுதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

55-ஐ மறந்துவிட்டு, இருக்கும் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைப்பது என்று வையுங்கள். உங்களுக்கு அது மூன்றரை முதல் நாலே முக்கால் கிலோ. 2002-இல் வெளியான அமெரிக்க சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் இலக்கு இதுதான்: 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி பிஎம்ஐ 34. அதில் 7 சதவீதம் போனாலும் 31-க்கு மேல்தான். அதாவது, ‘நார்மல்’ பக்கமே வராமல் இந்தப் பலன் கிடைத்தது.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணன் 24.9 வரை நார்மல் என்கிறான். எனக்கு 24. இங்கே ‘அதிக எடை’ என்று எழுதிவிட்டார்கள். எதை நம்புவது?

பதில்: இங்கே எழுதியதை. அண்ணனும் அங்கே இருந்தாலும் இதையே பார்க்கட்டும். ஒரே எடையில் நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள் சேர்கிறது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-இல் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. 24 என்பது நோய் இல்லை. வருடம் ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் பாருங்கள், போதும்.

கேள்வி: பிஎம்ஐ 21.5தான், ஆனால் தொப்பை இருக்கிறது.

பதில்: அப்படியானால் தராசை விட்டுவிட்டு டெய்லர் டேப்பை எடுங்கள். பேண்ட் சைஸை அளவாகச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு; பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வெறும் உடம்பில், டேப் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

கேள்வி: ஜிம் போகிறேன். 170 செ.மீ., 78 கிலோ, சுற்றளவு 82. பிஎம்ஐ 27 பயமுறுத்துகிறது.

பதில்: 82 என்பது 170-இல் பாதிக்குக் கீழே. பிஎம்ஐக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். பயப்படாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை. எல்லாம் வீண்தானே?

பதில்: வீணே இல்லை, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், சர்க்கரையின் எல்லையில் இருந்தவர்களை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்றிருந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கே. அவர்களுக்கும் எடை இறங்கவில்லை!

கேள்வி: மூன்று மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். ஒரே வருடத்தில் முழுவதும் திரும்பிவிட்டது, ஏன்?

பதில்: எடை இறங்கினால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, பசியடக்கும் லெப்டின் குறைகிறது, ஒரு வருடம் கழித்தும் இவை பழைய நிலைக்கு வருவதில்லை. சிறுத்த உடம்புக்குக் கலோரிச் செலவும் குறைவு. பட்டினியில் தசையும் கரைந்தால் இன்னும் மோசம். அடுத்த முறை வாரம் அரை கிலோவுக்கு மேல் இறக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். 5 சதவீதம் இறங்கியதும் நிறுத்தி, ஆறு மாதம் அதே எடையில் நிற்கப் பழகிவிட்டு, பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, 162 செ.மீ., 54 கிலோ. சர்க்கரைக்குப் பயந்து இரவில் கஞ்சி மட்டும் குடித்து இன்னும் இளைக்கப் பார்க்கிறார்.

பதில்: தடுத்து நிறுத்துங்கள். இந்த வயதில் போவது பெரும்பாலும் கால் தசை. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினம் 55 முதல் 65 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் (வேகவைக்கும் முன் எடை) சுமார் 10 கிராம். முயற்சியே இல்லாமல் ஆறு மாதத்தில் 3 கிலோ குறைந்திருந்தால், உணவு மாற்றத்துக்கு முன் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.