குளிர்காலத்தில் சீலிங் ஃபேன் ஓடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கே கனடாவில், டொராண்டோ வட்டாரத்தில், ஜனவரி மாத எரிவாயு பில் வீடுகளுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி சீலிங் ஃபேன் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வெளியே மைனஸ் 15. இந்தக் குளிரில் ஃபேனைப் போடச் சொல்கிறார் என் மருமகன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் சொல்வது சரிதானா? (ஸ்கார்பரோ)

சரிதான், ஆனால் பாதிதான் சரி. சூடான காற்று லேசானது. ஃபர்னஸ், அதாவது எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி, சூடாக்கி அனுப்பும் காற்று நேராக மேலே போய்க் கூரைக்கு அடியில் தங்கிக்கொள்கிறது. அதனால்தான் சோபாவில் இருப்பவருக்குக் கால் சில்லிட்டிருக்கும்போது, ஏணியில் ஏறி பல்பு மாற்றுபவருக்கு வியர்க்கிறது. ஃபேனை எதிர்த்திசையில் மெதுவாக ஓடவிட்டால், அது நடு அறைக் காற்றை மேலே தள்ளும். மேலே தேங்கிய சூடு கூரையோரமாகப் பரவி, சுவர்களை ஒட்டிக் கீழே இறங்கும். ரசத்தைக் கரண்டியால் கலக்குவது மாதிரிதான். கரண்டி ரசத்தைச் சூடாக்காது. தெளிவும் மண்டியும் ஒன்றாகும், அவ்வளவே.

மீதிப் பாதி என்னவென்றால், வீட்டுச் சூட்டின் அளவை அமைக்கும் தெர்மோஸ்டாட்டில் கைவைக்காமல் ஃபேனை மட்டும் போட்டால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இருக்காது. கால் பக்கமும் கதகதப்பானதும், 22 டிகிரியில் வைத்திருந்ததை 21-க்கோ 20-க்கோ இறக்க வேண்டும். பணம் மிச்சமாவது அந்த இடத்தில்தான். மருமகன் அதைச் சொல்ல மறந்திருப்பார்.

எந்தத் திசை என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. சுவிட்சையும் காணோம். (மிசிசாகா)

கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இறக்கைகள் கடிகார முள் போகும் திசையில் சுற்றினால், அது குளிர்காலத் திசை. எதிர்ப்பக்கம் சுற்றினால் கோடைத் திசை. பெரும்பாலான ஃபேன்களுக்கு இது பொருந்தும்.

சுவிட்ச் பெரும்பாலும் மோட்டார் உறையின் பக்கவாட்டில், விரல் நுனி அளவுக்கு, மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ நகரும்படி இருக்கும். உறையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது, தடவிப் பார்க்க வேண்டும். ரிமோட் உள்ள ஃபேன் என்றால் ரிமோட்டிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். ஃபேனை நிறுத்தி, இறக்கைகள் முழுவதும் நின்ற பிறகே சுவிட்சைத் தள்ளுங்கள். ஓடும்போது மாற்றினால் மோட்டாருக்கு நல்லதல்ல, விரலுக்கும் நல்லதல்ல.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? ஓர் ஊதுபத்தியை ஏற்றி, ஃபேனுக்கு நேர் கீழே நெஞ்சுயரத்தில் பிடியுங்கள். புகை அமுங்கிக் கீழே வந்தால் கோடைத் திசை. மேல்நோக்கி இழுபட்டால் குளிர்காலத் திசை. ஸ்மோக் அலாரத்துக்குப் பக்கத்தில் நின்று செய்து பார்க்காதீர்கள்.

அப்புறம், மாதக்கணக்கில் ஓடாத ஃபேனை அப்படியே போட்டால் இறக்கையின் மேல் படிந்த தூசி முழுவதும் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வரும். பழைய தலையணை உறையை இறக்கையின் மேல் மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்தி உருவி எடுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும்.

எங்கள் டவுன்ஹவுஸில் கூரை உயரம் 8 அடி. ஃபேன் போட்டால் எவ்வளவு மிச்சமாகும்? (மார்க்கம்)

நானாக ஓர் எண்ணைச் சொன்னால் அது ஜோசியம். நீங்களே அளந்து பார்க்கலாம். மலிவான தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். முதலில் இரண்டையும் ஒரே மேசையில் அரைமணி நேரம் வைத்து, ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைக் கூரைக்கு ஒரு சாண் கீழே சுவரில் ஒட்டுங்கள், மற்றொன்றை அதற்கு நேர் கீழே தரைக்கு அருகில் வையுங்கள். ஜன்னலும் சூடான காற்று வரும் துவாரமும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரவில் ஃபர்னஸ் வழக்கம்போல ஓடும் நேரத்தில் பாருங்கள்.

வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருந்தால் ஃபேனை மறந்துவிடுங்கள். 8 அடிக் கூரையும் காற்றை ஊதும் ஃபர்னஸும் உள்ள வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் ஃபர்னஸ் ஊதும் காற்றே அறையை ஓரளவு கலக்கிவிடுகிறது. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த வரவேற்பறை, சுவரோர பேஸ்போர்ட் ஹீட்டர், விறகடுப்பு உள்ள வீடுகளில் கதை வேறு. அங்கே வித்தியாசம் அதிகமாக இருக்கும், ஃபேனும் பலன் தரும்.

செலவையும் பார்த்துவிடுவோம். குறைந்த வேகத்தில் ஒரு சாதாரண ஃபேன் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுபகலாக ஒரு மாதம் ஓடினால் 11 யூனிட்டுக்குக் கிட்டே வரும். யூனிட் 12 சென்ட் என்றால் ஒன்றேகால் டாலர் சொச்சம். போட்டுப் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதே கவனத்தைக் கதவிடுக்கிலும், கூரைக்கடியில் உள்ள மொட்டைப்பரணின் மூடியைச் சுற்றியும் காற்றடைக்கும் பட்டை ஒட்டுவதில் காட்டினால், உங்கள் வீட்டுக்கு அதுவே அதிகம் பலன் தரும் என்பது என் கருத்து.

மாடியில் புழுக்கம், கீழே குளிர், பேஸ்மென்ட் ஐஸ் பெட்டி. படுக்கையறை ஃபேனைப் போட்டால் சூடு கீழே இறங்குமா? (பிராம்ப்டன்)

இறங்காது. அந்த ஃபேன் அந்த அறைக் காற்றைத்தான் கலக்கும். உங்கள் வீட்டில் சூடான காற்று மாடிப்படி வழியாக ஏறிப் பரண் இடுக்குகளில் வெளியே போகிறது. போன அளவுக்குப் பேஸ்மென்ட் ஓரங்களில் குளிர்காற்று உள்ளே வருகிறது. மேலே அடைத்தால் கீழே இழுப்பது குறையும். பரண் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். மாடிக்குப் போகும் காற்றுத் துவாரங்களைக் கொஞ்சம் சுருக்கலாம், ஆனால் முழுக்க மூட வேண்டாம், ஃபர்னஸ் திணறும். படிக்கட்டுக்கு மேலே திறந்த உயரக் கூரை இருந்து, அங்கே ஃபேனும் இருந்தால் அது உதவும்.

சென்னையிலிருந்து ஃபேன் கொண்டுவந்து இங்கே மாட்டலாமா? (அஜாக்ஸ்)

வேண்டாம். அது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கனடியப் பாதுகாப்புச் சான்றும் அதில் இருக்காது. பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு ஏதாவது கொண்டுவாருங்கள்.

எங்கள் கோயில் பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் இயங்குகிறது. கூரை 22 அடி. ஹீட்டர் முழுநேரமும் ஓடியும் தரை ஜில்லென்று இருக்கிறது. பெரிய ஃபேன் போடலாமா? (நிர்வாகக் குழு உறுப்பினர், ஸ்கார்பரோ)

வந்த கேள்விகளில் ஃபேனால் உண்மையிலேயே பெரிய பலன் கிடைக்கக்கூடியது உங்கள் இடம்தான். அந்த மாதிரிக் கட்டடங்களில் ஹீட்டரே பெரும்பாலும் கூரையிலிருந்து தொங்கும். சூடு பிறப்பதும் மேலே, தங்குவதும் மேலே.

ஆனால் வீட்டுக்குச் சொன்ன திசையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு உயரத்தில் ஃபேன் மேல்நோக்கித் தள்ளும் காற்று, சுவர் வழியாகத் தரைவரை வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். அதனால் அகலமான, மெதுவாகச் சுற்றும் ஃபேன்களைக் கீழ்நோக்கியே, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம்.

வேகத்தை எப்படி முடிவு செய்வது? அர்ச்சகர்கள் மேல்சட்டை இல்லாமல் நிற்கிறார்கள், பக்தர்கள் வெறுங்காலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று உடம்பில் பட்டால் உடனே முறையீடு வரும். சன்னதி விளக்கின் சுடரைப் பாருங்கள். அது சாயாமல் நேராக எரிந்தால் வேகம் சரி, சாய்ந்தால் குறையுங்கள். வாங்குவதற்கு முன்பு கூரையில் தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய இறக்கைகள் அவற்றை மறைக்கக் கூடாது. கட்டட உரிமையாளரின் அனுமதியும் உரிமம் பெற்ற மின்பணியாளரும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர் வடிகிறது. ஃபேன் போட்டால் நிற்குமா? (பிக்கரிங்)

குறையும். கண்ணாடியை உரசிப் போகும் காற்று அதைக் கொஞ்சம் சூடாக வைத்திருக்கும். இரவில் கனமான திரையைத் தரைவரை இழுத்துவிட்டால் அந்தக் காற்று கண்ணாடிக்குப் போகாது, ஆகவே அடியில் சிறிது இடைவெளி விடுங்கள். ஆனால் மூல காரணம் வீட்டிலுள்ள ஈரப்பதம். கடுங்குளிரில் அது 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். இட்லி வேகும்போது அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியைப் போடுங்கள், துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள்.

ஒரு முறை திசையை மாற்றினால் அப்படியே விட்டுவிடலாமா? (விட்பி)

கூடாது, வசந்தம் வந்ததும் திருப்பி மாற்ற வேண்டும். ஜூலை மாதத்தில் "ஃபேன் சுற்றுகிறது, காற்றே வரவில்லை, மோட்டார் போய்விட்டதா?" என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. போய் அந்தச் சின்ன சுவிட்சைத் தள்ளிவிட்டு வருவேன். வந்துபோன கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்வேன்.