ஏலகிரி ஏற்றத்தில் நின்றுபோகும் பீட்டில்

உங்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஏலகிரி ஏறும்போது ஏன் நின்றுபோகிறது என்று கேட்டீர்கள். எஞ்சினுக்கு பெட்ரோல் அனுப்பும் பம்பில் சூட்டால் பெட்ரோல் ஆவியாகிக் கட்டிக்கொள்கிறது, அநேகமாக அதுதான். பாதி மலையில் நின்று, அரைமணி நேரம் ஆறியதும் எதுவுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்கிறீர்களே, அது இதற்கே உரிய குணம்.

எஞ்சின் பின்னால்தானே, பின்மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் பட்டை முழுசாக இருக்கிறதா பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். பட்டை இல்லாவிட்டால் சைலன்சர் பக்கத்துச் சூட்டுக்காற்று மேலே ஏறி, அதையே விசிறி மறுபடி இழுக்கும். வேலூர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை நின்றால் ஈரத்துணியை பம்பின்மேல் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். கிளம்பினால் இதுதான் கோளாறு. இல்லையென்றால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பாருங்கள்.

ஆனால் ஓடும்போது டைனமோவின் (பேட்டரிக்கு மின்சாரம் தருவது) சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசிறிக்கும் டைனமோவுக்கும் ஒரே பெல்ட். ரேடியேட்டர் இல்லாத வண்டி, விசிறிக் காற்றுதான் எஞ்சினை ஆற்றுகிறது, பெல்ட் அறுந்தபின் ஓட்டினால் எஞ்சின் போய்விடும்.

அப்புறம், இதற்காக வண்டியை விற்றுவிடாதீர்கள். மாமாவின் பீட்டிலில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறியிருக்கிறேன். சத்தமெல்லாம் முதுகுக்குப் பின்னால், ஸ்டீயரிங் அவ்வளவு லேசு, எஞ்சின் பாரம் பின்சக்கரத்தின்மேல் இருப்பதால் மழை ஈரத்திலும் பிடித்துக்கொண்டு ஏறும்.