கர்நாடக சங்கீதம் கற்காத ஒருவர் ரேடியோவில் கேட்டே அதை ரசிக்கப் பழக முடியுமா?

முடியும். பாட்டு வாத்தியார் வந்துபோகிற வீடாக இருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பழகியபோதுதான் எனக்கு இது பிடித்துக்கொண்டது.

கடை அண்ணாச்சி ரேடியோ வைத்திருந்தது செய்திக்காக. திருநெல்வேலி வானொலியை விட்டு முள் நகரக் கூடாது. நடுவில் கச்சேரி வந்தால் நான் மாற்றப் போவேன். "கெடக்கட்டும்ல, அதை நோண்டாத" என்பார். மிஷின் ஓடும்போது ஒன்றும் காதில் விழாது. காஜா எடுக்கிற நேரம் அப்படியில்லை. ஆளுக்கொரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்போம், பேச்சே இருக்காது. அப்போது கேட்டதெல்லாம் மனதில் தங்கிவிட்டது.

ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு வந்தேன், பாதிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை தெலுங்கு. ஆனால் போக்கு எனக்குத் தெரிந்த போக்கு. 1962-ல் வந்த ஒரு படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்திருப்பாரே, எங்கள் பக்கம் கோயில் கொடை என்றால் குழாயில் போடுவார்கள், அந்தப் பாட்டின் சாயல். முடிந்ததும் அறிவிப்பாளர் ஆபேரி ராகம் என்றார். கடைக்குச் சட்டை தைக்க வரும் ஒரு நாதஸ்வரக்காரரிடம் பிறகு கேட்டேன். "ஆமா தம்பி, ரெண்டும் ஆபேரிதான்" என்றார். யாரும் சொல்லித்தராமல் என் காதே கண்டுபிடித்தது! அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

அதற்குப் பிறகு அறிவிப்பையும் விடாமல் கேட்டேன். ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் சொல்லிவிடுவார்கள், அதுவே பாடம். மோகனமும் கல்யாணியும் சீக்கிரம் பிடிபட்டன. தோடிக்கு நாளானது.

மொழி புரியாமல் என்ன ரசனை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நாதஸ்வரத்துக்கு என்ன மொழி? டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, கேட்டு அழுதவர்கள் உண்டு. ஸ்வரம் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களோடு போட்டிக்கும் நான் வரவில்லை.

நீங்களும் கைவேலை ஒன்றை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆகாசவாணியின் 'ராகம்' அலைவரிசை 2016 முதல் முழுக்கச் சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே இருக்கிறது, செல்போனிலேயே கிடைக்கும். ஹிந்துஸ்தானியும் வரும். பிடிக்கவில்லை என்று உடனே மாற்றாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ராஜரத்தினம் பிள்ளையின் சீடர்தான் காருகுறிச்சியார், எங்கள் ஜில்லாக்காரர். இங்கேயே இப்போது கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வைக்கிறார்கள். செண்டைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அதுவும் பெரிய கலை. ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்களைக் கூட்டி வந்துவிட்டு, நாதஸ்வரக்காரரிடம் மட்டும் "தாலி கட்டும்போது கெட்டிமேளம் வாசிச்சாப் போதும்" என்று கூலியைக் குறைத்துப் பேசுகிறார்கள். பந்தி முடிகிறவரை அவரை உட்கார்த்தி நாலு கீர்த்தனை முழுசாக வாசிக்கவிட்டால் என்ன குறைந்துபோகும்?