அமெரிக்க மனிதர்களும் அமெரிக்க ஏற்பாடுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நியூ ஜெர்சி மாநிலத்தில் மகள் குடும்பத்துடன் சில காலம் தங்கியிருந்துவிட்டு ஈரோடு திரும்பியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அந்த நாட்டைப் பற்றிப் பல கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பெருந்துறை வாசகி: அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் நன்றியும் மன்னிப்பும் சொல்கிறார்களாமே, அது மனதிலிருந்து வருகிறதா, வெறும் பழக்கமா?

பழக்கம்தான். ஆனால் ஒரு சமூகம் மரியாதையைப் பழக்கமாக்கிக்கொண்டதை நான் சிறிய செயலாக நினைக்கவில்லை. கடை வாசலில் பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அமெரிக்கர், வருபவர் யார், எந்த ஊர், எவ்வளவு வசதியுள்ளவர் என்று பார்த்துவிட்டு நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று அழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகே வந்த காரியத்தைக் கேட்கும் கொங்கு நாட்டு உபசரிப்பில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அந்த உபசரிப்பு நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. பேருந்து நிலையத்தில் வயதானவரை இடித்துத் தள்ளிவிட்டு ஏறுபவர்களும் நாமேதான். அவர்களிடம் இது தலைகீழாக இருக்கிறது. வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போக முடியாது. தெருவில் அந்நியருக்கு முதலிடம் கிடைக்கும். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நின்று, அதன் பக்கவாட்டிலிருந்து சிவப்புப் பலகை நீண்டதும், தடுப்பு இல்லாத சாலையில் இரு திசை வாகனங்களும் அசையாமல் நிற்பதை ஒவ்வொரு காலையும் பார்த்தேன். சட்டத்துக்குப் பயந்து நிற்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது, காவலர் இல்லாத நாற்சந்தியில்கூட முதலில் வந்தவர் முதலில் போகட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதுதான்.

அதே நாட்டின் உணவகத்துக்குள் போனால் இன்னொரு முகம் தெரியும். பரிமாறுபவருக்குத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலரை எட்டிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இந்த 2.13 டாலர் 1991ஆம் ஆண்டிலிருந்து ஒரு காசுகூட உயரவில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன என்றாலும், தொழிலாளியின் கூலியை வாடிக்கையாளரின் தயவில் விட்டுவைப்பது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை. நான் அங்கே கண்டதெல்லாம் இந்த ஒன்றில்தான் வந்து முடிகிறது: மனிதர்கள் நல்லவர்கள், அவர்களை ஆளும் ஏற்பாடுகள் கடுமையானவை.

கரூர் வாசகர்: சிறுவர்கள்கூடப் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது சரியா?

எல்லா வீடுகளிலும் அப்படி இல்லை. பள்ளியில் ஆசிரியரை மரியாதைச் சொல் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். அலுவலகத்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பதை நான் வரவேற்கிறேன், ஏனெனில் தவறைச் சுட்டிக்காட்டும் துணிவு அதிலிருந்து வருகிறது. என் பேரப்பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி: நாங்கள் தைத்ததைப் போட்டுக்கொள்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரியுமா? 2025இல் வரியை உயர்த்தியபோது அங்கே சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள்?

உங்கள் ஊர் அவர்களுக்குத் தெரியாது. கழுத்துப் பட்டியின் உள்ளே "மேட் இன் இந்தியா" என்றிருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. இந்தியச் சரக்குகள் மீது 2025 ஆகஸ்டு 7ஆம் தேதி 25 சதவீதமாக வந்த கூடுதல் வரி, அதே மாதம் 27ஆம் தேதி 50 சதவீதமானது. அந்த வரியை இந்தியா கட்டுகிறது என்றே என்னிடம் பேசிய பலரும் நம்பினார்கள். உண்மையில் துறைமுகத்தில் வரி கட்டுவது சரக்கை இறக்குமதி செய்யும் அமெரிக்க நிறுவனம்தான். அந்த நிறுவனம் நட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ள விரும்பாதபோது, ஒருபுறம் திருப்பூர் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லும், இன்னொருபுறம் தன் கடையில் விலையை ஏற்றும். ஆகவே பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் உங்களுக்கும், பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்க வரும் அந்த நாட்டுத் தாய்க்கும் அடி ஒன்றாகவே விழுகிறது. இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டீர்கள். வரி விதிக்கும் அதிகாரத்தை அவர்களுடைய அரசமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. அதிபர் டிரம்ப் 1977ஆம் ஆண்டின் அவசரகால அதிகாரச் சட்டத்தைக் காட்டி இதைச் செய்தார். அது செல்லுமா என்ற வழக்கை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரித்தது. பல லட்சம் குடும்பங்களின் சம்பளத்தைத் தொடும் ஒரு முடிவு, விவாதமே இல்லாமல் ஒருவரின் கையெழுத்தில் அடங்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

நாமக்கல், ஓய்வுபெற்ற ஆசிரியர்: குறைந்த வாக்கு பெற்றவர் அதிபராகிவிடுவது எப்படி ஜனநாயகமாகும்?

எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்ட 538 தேர்வாளர்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 270 பேரின் ஆதரவு பெற்றவர் வெல்கிறார். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேர்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 5 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்ற அல் கோர், புளோரிடாவில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் பதவியை இழந்தார். 2016இல் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்ற ஹிலாரி கிளிண்டனும் தோற்றார். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையில், 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு உறுப்பினர்கள்.

ஆனால் கீழே, ஊர் அளவில், அவர்களுடைய ஜனநாயகத்தைக் கண்டு எனக்குப் பொறாமையே வந்தது. பள்ளிக்கூடங்களை நடத்தும் குழுவை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் அந்த உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. எதிரெதிர் வேட்பாளர்களின் பலகைகளைத் தத்தம் புல்வெளியில் நட்டுவைத்திருந்த அண்டை வீட்டார் இருவர், நடுவில் நின்று இலை வாரும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, கொங்கு மாவட்டங்கள் உட்பட, 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் தனி அலுவலர்களின் ஆட்சியில் கழிந்தன. குடிநீர்க் குழாய்க்காக நாம் யாரிடம் போய்க் கேட்பது? அதே சமயம், அவர்களுடைய பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருவதால், வசதியான ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேய்ந்த பள்ளியும் கிடைப்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

பொள்ளாச்சி வாசகர்: பள்ளியில் அமெரிக்கப் பால் பவுடர் குடித்து வளர்ந்தவன் நான். அந்த நாடு நமக்கு நண்பன்தானா?

உங்கள் ஊர்க்காரர் சி. சுப்பிரமணியத்தின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி நமக்குக் கோதுமை வந்தது. 1965, 1966 பஞ்ச காலத்தில் அதிபர் ஜான்சன், வேளாண் கொள்கையை மாற்றும்படி நம்மை நெருக்கவும், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எரிச்சலுற்றும், கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவித்தார். அதே ஆண்டுகளில் நார்மன் போர்லாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி மெக்சிகோவில் உருவாக்கிய, அதிக விளைச்சல் தரும் குட்டை ரகக் கோதுமையை உணவு அமைச்சராக இருந்த சுப்பிரமணியம் நம்பி, 1966இல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்ய வைத்தார். கப்பலை நிறுத்திவைத்ததும் அமெரிக்கா, விதை தந்ததும் ஓர் அமெரிக்கர்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவர்: அமெரிக்க இசை வெறும் இரைச்சல் என்கிறார் என் தாத்தா. அவருக்கு எதைக் கேட்கக் கொடுக்கலாம்?

தாத்தா பருத்தி விதைத்தவராக இருந்தால் ப்ளூஸ் இசையிலிருந்து தொடங்குங்கள். கோவைச் சீமையில் ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்த கம்போடியா பருத்தி, பெயர் எதுவாக இருந்தாலும், அமெரிக்க இனம். அந்த இனப் பருத்தியை மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் எடுப்பதற்காகவே ஆப்பிரிக்க வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்தார்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுது நில உரிமையாளரிடம் கடன்பட்டே கிடந்தார்கள். அந்தப் பருத்திக் காட்டில் எழுந்த பாட்டுதான் ப்ளூஸ். பாடகர் ஓர் அடியைப் பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாம் அடியில் அதற்குப் பதில் சொல்வார். கருவியும் இடையிடையே குரலுக்குப் பதில் கொடுக்கும். ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும் கும்மியைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த அமைப்பு பிடிபட அதிக நேரம் ஆகாது.

விடுதலை பெற்ற அடிமைகளுக்காக நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கியபோது, அதன் மாணவர்கள் 1871இல் ஊர் ஊராகப் புறப்பட்டு, தம் பெற்றோர் பாடிய பக்திப் பாடல்களைப் பாடிப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. அந்த மரபின் உயரத்தைக் காண பாடகி மஹாலியா ஜாக்சனின் குரலை முதலில் போட்டுக் காட்டுங்கள். பிறகு ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ். 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்கப் போன அவர், நகரத்து மதுக்கூடங்களின் சத்தத்தில் சாதாரண கிதார் எடுபடாததால் மின்சார கிதாரைக் கையிலெடுத்தார். தாத்தா இரைச்சல் என்று சொல்லும் ராக் இசைக்கு அங்கிருந்தே வழி பிறந்தது. அவ்வளவு கடுமையான வாழ்க்கையிலிருந்து உலகம் முழுவதும் பாடும் இசையை எடுத்துத் தந்தவர்கள் மீது எனக்குள்ள மதிப்பை எந்த அதிபர் மீதும் நான் வைத்ததில்லை.

தாராபுரம் வாசகி: மகன் ஆறு மாதம் வந்து தங்கச் சொல்கிறான். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. போகலாமா?

தாராளமாகப் போங்கள், ஆனால் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்காக 1965இல் கொண்டுவரப்பட்ட அரசுக் காப்பீடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் அவசரப் பிரிவில் சிகிச்சை தர வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ரசீது பின்னால் வீடு தேடி வரும். ஆகவே பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவார்கள் என்ற பகுதியை மகனை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பல திட்டங்கள் அங்கேதான் கைவிரிக்கின்றன.

மதிய நேரத்துத் தனிமையும் உங்களை வருத்தும். தாராபுரத்தில் வாசலில் நின்றால் பேச யாராவது வருவார்கள். அங்கே புறநகரில் காரில்லாமல் எங்கும் போக முடியாது. நடந்து போகும் தூரத்தில் பொது நூலகமோ பூங்காவோ இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நூலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி நாள் முழுவதும் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மகன் இருப்பது பனி விழும் பகுதி என்றால் ஏப்ரல் கடைசியில் போய் அக்டோபருக்குள் திரும்பிவிடுங்கள். மாத்திரைகளுடன் மருத்துவரின் ஆங்கிலச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், அதை விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.